எம்.ஜி.ஆர் பார்த்த ஒசாகா, டார்கோவ்ஸ்கி தவறவிட்ட ஒசாகா

தீவும் திரையும் – பகுதி 14

போன பகுதியைச் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் ஸ்டூடியோ வாசலில் விட்டோம். 1957இல் பி.என். ராவ் ‘பொந்தியானாக்’ எடுத்தார். மறு ஆண்டு எல். கிருஷ்ணன் ‘ஓராங் மின்யாக்’ எடுத்தார். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் மலாய்ப் பேய்களைத் திரையேற்றிய காலம் அது. அந்த ஸ்டூடியோக்களின் பிழைப்பு பேயால் ஓடியது. எதிர்காலத்தைப் பற்றி அவை அதிகம் கவலைப்படவில்லை. எதிர்காலத்தைப் படம் பிடிக்க இந்தத் தீவுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களில் முதலில் வந்தவர்கள் ஹாலிவுட்காரர்கள் அல்லர், கோடம்பாக்கத்துக்காரர்கள்.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமானால் சில பேராசிரியர்களையும் கூட அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அறிவியல் புனைவுப் படங்களை எப்படிப் படிப்பது என்று அரை நூற்றாண்டாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். அவர்களுடைய கருவிகள் நம் படங்களுக்கு எங்கே பொருந்துகின்றன, எங்கே மொண்ணையாகின்றன என்று பார்த்தால், படங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரியவரும். பேராசிரியர்களைப் பற்றியும் தெரியவரும்.

1970. ஜப்பானின் ஒசாகாவில் மார்ச் 15 முதல் செப்டம்பர் 13 வரை உலகக் கண்காட்சி. கென்சோ டாங்கே திட்டமிட்ட வளாகம். மேலே மோனோ ரயில், கீழே நகரும் நடைபாதை, நடுவில் டாரோ ஓகமோட்டோவின் சூரியக் கோபுரம், அமெரிக்கக் கூடத்தில் நிலாவிலிருந்து எடுத்துவந்த கல். ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் கேமராவோடு நுழைந்தவர்களில் எம்.ஜி.ஆரும் ஒருவர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ படப்பிடிப்பு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், ஜப்பான் என்று சுற்றிய அந்தப் படம் 1973 மே 11 அன்று வெளியானது. நடித்து, தயாரித்து, இயக்கியதும் அவரே.

அதே கண்காட்சியைப் படம் பிடிக்க இன்னொருவரும் ஆசைப்பட்டார். சோவியத் இயக்குநர் ஆந்திரே டார்கோவ்ஸ்கி. ‘சோலாரிஸ்’ படத்துக்கு அவருக்கு ஓர் எதிர்கால நகரம் தேவைப்பட்டது. ஒசாகாவின் விநோதக் கட்டடங்களை எடுத்துவிடலாம் என்பது திட்டம். பயணம் தாமதமானது, கண்காட்சி முடிந்துபோயிற்று. கடைசியில் 1971 செப்டம்பர், அக்டோபரில் தோக்கியோவின் அகாசாகா, ஈகுரா பகுதிகளின் விரைவுச் சாலைகளை எடுத்துக்கொண்டு திரும்பினார். படத்தில் பெர்ட்டன் என்கிற விண்வெளி வீரர் காரில் போய்க்கொண்டே இருப்பார். சுரங்கம், மேம்பாலம், மறுபடி சுரங்கம். வசனமில்லாமல் நீளும் அந்தக் காட்சியைப் பற்றி உலகமெங்கும் திரைப்பட மாணவர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒசாகாவில் எம்.ஜி.ஆர் எடுத்த பாடல் காட்சிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. எனக்கு இரண்டும் ஒரே தொழில்தான். நாளைய நகரத்துக்கு செட் போடப் பணமோ மனமோ இல்லாதவர், இன்றைக்கு இன்னொருவர் வாழும் நகரத்தைக் கடன் வாங்குகிறார். ஜான்-லுக் கோடார் 1965இல் ‘அல்ஃபவில்’ எடுத்தபோது பாரிசின் புதுக் கட்டடங்களை இரவில் எடுத்து வேற்று உலகம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு விமான டிக்கெட் செலவும் மிச்சம்.

‘உலகம் சுற்றும் வாலிபனை’ அறிவியல் புனைவு என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. எம்.ஜி.ஆர் படம், அவ்வளவுதான். ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள். முருகன் என்கிற விஞ்ஞானி மின்னலின் சக்தியைச் சேமித்துவைக்கும் வழியைக் கண்டுபிடிக்கிறார். அதை ஆக்கத்துக்குப் பயன்படுத்தலாம், அழிவுக்கும் பயன்படுத்தலாம். அழிவுக்கு விற்க நினைக்கும் பைரவனாக எஸ்.ஏ. அசோகன். ஆராய்ச்சிக் குறிப்பைத் தேடி நாடு நாடாகத் துரத்தல். இந்தியா பொக்ரானில் முதல் அணுச் சோதனை நடத்தியது 1974 மே மாதம். அதற்கு ஓராண்டு முன்னால் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் ஓடிய கதை இது.

இங்கே முதல் பேராசிரியரை அழைக்கலாம். டார்கோ சூவின். யூகோஸ்லாவியாவில் பிறந்து கனடாவில் பாடம் நடத்தியவர். 1972இல் ஒரு கட்டுரை, 1979இல் ஒரு பெரிய நூல். அறிவியல் புனைவுக்கு அவர் வைத்த இலக்கணத்தை அறிவார்ந்த அந்நியமாக்கல் எனலாம். கதையில் நம் உலகத்தில் இல்லாத புதுமை ஒன்று இருக்க வேண்டும்; அதற்கு ‘நோவம்’ என்று பெயர் வைத்தார். அந்தப் புதுமை அறிவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். கதை முழுவதும் அதிலிருந்தே முளைக்க வேண்டும். அதன் வழியாக நம் சொந்த உலகம் நமக்கு அந்நியமாகத் தெரிய வேண்டும். இந்த அளவுகோலை வைத்தால் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ தேறாது. மின்னல் குறிப்பை எடுத்துவிட்டு ஒரு வைர மாலையை வைத்தாலும் படம் அப்படியே ஓடும்.

ஆனால் அதே எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’ தேறும். 1963 ஏப்ரல் 19 அன்று வெளியான படம். ஏ. காசிலிங்கம் இயக்கம். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய்வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வேற்றுக் கிரகத்து மனிதர்களுக்கு விஞ்ஞானம் எல்லாம் வசப்பட்டுவிட்டது, இசையும் நாட்டியமும் மட்டும் இல்லை. கலை கற்றுத்தர ஆள் வேண்டும் என்று பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். மீட்கப் போகும் எம்.ஜி.ஆர் அங்கே எடையில்லாமல் மிதக்கிறார். தகர டப்பா போன்ற விண்கலத்தைப் பார்த்து இன்று சிரிப்பு வரலாம். ஆனால் வேற்றுக் கிரகவாசியை எடுத்துவிட்டால் இந்தக் கதை நிற்காது. அதோடு, ராக்கெட் விட்ட வல்லரசுகளைப் பார்த்து, உங்களிடம் எல்லாம் இருக்கிறது, பாட ஓர் ஆள் இருக்கிறதா என்று கேட்கும் துணிச்சலும் அதில் இருக்கிறது. ராக்கெட் இல்லாத நாட்டுக்காரன் கேட்கிற கேள்வி அது. சூவினின் கோட்பாட்டை அறியாமலே அதற்குக் கட்டுப்பட்ட படம்.

சூவின் நூல்களோடு வாழ்ந்தவர். சினிமாவின் தனிச்சுவை அவருடைய அளவுகோலில் ஏறவில்லை. சினிமாவுக்கென்று முதலில் உரக்கப் பேசியவர் சூசன் சான்டாக். 1965 அக்டோபரில் ‘காமென்ட்ரி’ இதழில் பேரழிவின் கற்பனை பற்றி அவர் எழுதிய கட்டுரை, இன்றும் இந்தத் துறையில் நுழைகிற மாணவர் தாண்டாமல் போக முடியாத வாசற்படி. அவர் சொன்னது எளிமையானது. இந்தப் படங்களில் விஷயம் விஞ்ஞானம் இல்லை, பேரழிவு. நகரம் நொறுங்குவதை உட்கார்ந்து பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. அணுகுண்டு யுகத்தின் பயத்தை அந்த இன்பம் ஆற்றிவிடுகிறது. ஆற்றிவிடுவதாலேயே அந்தப் பயத்தோடு நேராக மோதவிடாமலும் செய்துவிடுகிறது. ஹாலிவுட் படங்களோடு ஜப்பானின் டோஹோ நிறுவனத்துப் படங்களையும் சேர்த்தே அவர் பேசினார். ஹிரோஷிமாவைக் கண்ட நாடு திரையில் தன் நகரங்களைத் தானே மிதித்துப் பார்த்துக்கொண்டது என்பதால் அது பொருத்தம்தான்.

ஆனால் கோடம்பாக்கத்துக்கு அந்தக் கட்டுரை பொருந்தவில்லை. பொருந்தாத இடம்தான் இந்தப் பகுதியில் எனக்கு முக்கியம். நம் படங்களில் நகரம் இடியவில்லை. நகரம் நிமிர்ந்து நிற்பதைப் பார்ப்பதே நமக்கு இன்பமாக இருந்தது. 1973ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் ‘சாய்லன்ட் கிரீன்’ வெளியானது. 2022ஆம் ஆண்டு நியூயார்க், நான்கு கோடி ஜனம், படிக்கட்டில் படுத்துத் தூங்குகிறார்கள், சாப்பிட ஒன்றுமில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டுக்காரர் ஒசாகாவின் மின்விளக்குகளையும் சிங்கப்பூர், ஹாங்காங் வீதிகளையும் வாய் பிளந்து பார்த்தார். ஒருவர் வளர்ச்சி போதும் போதும் என்று பயந்தபோது மற்றவர் அது எப்போது வரும் என்று காத்திருந்தார். பஞ்சத்தின் வாடையையும் ரேஷன் வரிசையையும் அறிந்தவருக்கு, பாழடைந்த நகரத்தைக் காசு கொடுத்துப் பார்க்க என்ன அவசியம்?

இப்போது சிங்கப்பூருக்கு வருவோம். சுஜாதா ‘ப்ரியா’ நாவலை எழுதியபோது கதை நடந்தது லண்டனில். எஸ்.பி. முத்துராமன் அதைப் படமாக்கி 1978 டிசம்பரில் வெளியிட்டபோது கதை சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த், நடிகை ப்ரியாவாக ஸ்ரீதேவி, பாடல்களை ஸ்டீரியோவில் பதிவுசெய்த இளையராஜா. நான்கு மாதம் கழித்து, 1979 ஏப்ரல் 14 அன்று, கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’. அதற்கும் கதை சுஜாதா. கமல்ஹாசனும் ரஜினியும் இசைக்குழுவோடு இங்கே வந்து இறங்குகிறார்கள். சிகரெட்டை வைத்து ரஜினி கட்டும் பந்தயத்துக்குப் பரிசு ஒரு டொயோட்டா கார். அம்பாசடருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊரில் அந்தக் காரே ஒரு விண்கலம்தான்.

சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்ட் 15 அன்று. அதுவும் சில வீடுகளுக்கு. மற்றவர்களுக்குச் சிங்கப்பூர் என்பது பர்மா பஜாரில் பார்த்த டூ-இன்-ஒன், மாமா கொண்டுவந்த சென்ட் பாட்டில், தைலம், நைலெக்ஸ் சேலை. பொருள்கள் மட்டும் வந்துகொண்டிருந்த ஓர் இடம். அந்தப் பொருள்களெல்லாம் எங்கிருந்து வந்தனவோ அந்த ஊரை முழுதாக, வண்ணத்தில், பெரிய திரையில் காட்டியவை இந்த இரண்டு படங்களும். டாம் கன்னிங் என்கிற ஆய்வாளர் 1986இல் தொடக்ககாலச் சினிமாவைப் பற்றி எழுதும்போது, கதை சொல்வதற்கு முன்னால் சினிமா வேடிக்கை காட்டுகிற சாதனமாக இருந்தது என்றார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கருத்தை அறிவியல் புனைவின் தந்திரக் காட்சிகளுக்கு நீட்டினார்கள். விண்கலம் வந்ததும் கதை கொஞ்சம் நின்று, நாம் பார்த்து முடிக்கும்வரை காத்திருக்கும். ‘ப்ரியா’வில் கதை நின்று காத்திருக்கும் இடங்களில் சிங்கப்பூர் இருக்கிறது.

சுஜாதாவைச் சாதாரண எழுத்தாளராக நினைத்து இதைக் கடந்துவிடக் கூடாது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர். தமிழில் அறிவியல் புனைவை வெகுஜனப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தவரும், சிங்கப்பூரைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த இரண்டு படங்களின் கதைக்காரரும் ஒருவரே என்பதைத் தற்செயல் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. லண்டனிலிருந்து இங்கே கதையை மாற்றியது படக்காரர்களின் சௌகரியம்தான். ஆனால் அந்தச் சௌகரியத்தில் எதிர்காலத்தின் முகவரியும் மாறிவிட்டது. லண்டன் ஆண்டவர்களின் ஊர். சிங்கப்பூரில் சாலை போட்டவர்களில், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் நம் பாட்டன்மார் இருந்தார்கள்.

விவியன் சோப்சாக் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இந்தத் துறையின் பெரிய பெயர். 1980இல் ‘தி லிமிட்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி’, அதை விரித்து 1987இல் ‘ஸ்க்ரீனிங் ஸ்பேஸ்’. சான்டாக் பயத்தைத் தேடினார் என்றால் சோப்சாக் கண்ணுக்கும் காதுக்கும் என்ன நடக்கிறது என்று தேடினார். 1988இல் நகரங்களைப் பற்றி மட்டும் ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்க அறிவியல் புனைவுப் படங்களில் வானத்தை நோக்கி எழுந்த நகரம், ஐம்பதுகளில் வெறிச்சோடி, அறுபது எழுபதுகளில் நெரிசலில் மூச்சுமுட்டி, எண்பதுகளில் குப்பையும் நியான் விளக்கும் ஒன்றாய்க் கிடக்கும் இடமாக மாறியதை அதில் வரைந்துகாட்டினார். அருமையான வரைபடம். ஆனால் அது ஒரு நாட்டு வரைபடம். அவர்களுடைய நகரம் கீழே சரிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் நம்முடைய திரை நகரம் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்கியது. ஏறியது சென்னையில் அல்ல. கடல் கடந்து.

சரி, தேக்காவிலும் ஜூரோங்கிலும் உட்கார்ந்து ‘ப்ரியா’ பார்த்தவர் எதைப் பார்த்தார்?

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை எனக்குக் கொடுத்தவர் ஆனட் கூன். 1990இல் அவர் தொகுத்த ‘ஏலியன் ஸோன்’ நூல் பல அணுகுமுறைகளை வரிசையாக அடுக்கியது. படம் சமூகத்தைப் பிரதிபலிக்கிறது என்பவர்கள், அதிகாரத்தின் கருத்தியலைச் சுமக்கிறது என்பவர்கள், அடக்கிவைத்த ஆசையும் அருவருப்பும் வெளியே வருகின்றன என்பவர்கள், பார்வையாளரைக் கவனி என்பவர்கள். மூன்றாவது கட்சிக்கு எடுத்துக்காட்டு பார்பரா க்ரீட். 1979ஆம் ஆண்டு ‘ஏலியன்’ படத்தின் ஜந்துவில் தாய்மையின் பயங்கரத்தைக் கண்டவர். புகழ்பெற்ற வாசிப்புதான், நம் கதைக்கு உதவாது என்பதால் தாண்டிப் போகிறேன். கூனின் முன்னுரையில் எனக்குப் பிடித்தது ஒன்று: இந்த வகைப் படம் என்னவாக இருக்கிறது என்பதை விட, அது என்ன செய்கிறது என்று கேட்பது பயன் தரும் என்கிறார்.

1978இல் இங்கே இருந்த தமிழருக்கு அந்தப் படங்கள் செய்தது வேறு வேலை. சென்னைக்காரருக்கு நாளைய உலகமாகத் தெரிந்தது இவருக்குப் பேருந்து போகும் வழி. அந்தப் படங்களை நினைத்தால் கண்ணில் வருவது ஓட்டல்களும் கடற்கரையும் பூங்காக்களும். வடக்கே மலேசிய எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸ் யாருக்கும் நினைவுக்கு வராது. அப்போது உட்லண்ட்ஸ் என்றால் கடற்பாலம், சோதனைச்சாவடி, மார்சிலிங் பக்கம் எழுந்துகொண்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள், சுற்றிலும் கம்பமும் தோட்டமும். எம்ஆர்டி வந்தது 1996 பிப்ரவரியில். வட்டார நூலகம் 2001இல். கம்பத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறி, லிஃப்டில் ஏறப் பழகிக்கொண்டிருந்த குடும்பம் தேக்காப் பக்கம் வந்து படம் பார்த்தால், திரையில் தெரிந்த எதிர்காலத்துக்கு அவர்கள்தான் குடியிருப்பாளர்கள். வாடகை கட்டியவர்களும் அவர்கள்தான்.

ஃப்ரெட்ரிக் ஜேம்சன் 1982இல் ‘சயன்ஸ் ஃபிக்ஷன் ஸ்டடீஸ்’ இதழில் ஒரு போடு போட்டார். எதிர்காலத்தைக் காட்டுவது அறிவியல் புனைவின் வேலையே இல்லை; நம் நிகழ்காலத்தை, இனி வரப்போகும் ஏதோ ஒன்றின் கடந்தகாலமாக மாற்றிக் காட்டுவதுதான் அதன் வேலை என்றார். கல்லூரியில் இதைப் புரியவைக்கத் திண்டாடுவார்கள். சிங்கப்பூரில் திண்டாட வேண்டியதில்லை. 1963இல் கட்டிய தேசிய அரங்கம் 1986இல் இடிக்கப்பட்டது. 1976இல் கட்டி முடித்தபோது வியந்து பார்க்கப்பட்ட 38 மாடிப் பேர்ல் பேங்க் அடுக்குமாடி நாற்பத்தைந்து வயதைக் காணவில்லை. 1978இன் எதிர்காலத்தைத் தேடிப் பழைய தமிழ்ப் படங்களை இன்று பார்க்கிறவர்கள், காணாமல்போன ஊரைத் தேடுகிறவர்கள்தான். ஆவணக்காப்பகத்தில் வைக்க வேண்டிய தகுதி அந்தப் பாடல் காட்சிகளுக்கு வந்துவிட்டது.

சுஜாதாவின் கற்பனை அதற்குப் பிறகு இருண்டது. ‘என் இனிய இயந்திரா’வில் 2020களின் இந்தியாவை ஜீவா என்கிற சர்வாதிகாரி ஆள்கிறார். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும். ஜீனோ என்கிற இயந்திர நாய் மனிதர்களைவிட அதிகம் யோசிக்கிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது நெருக்கடி நிலையின் எதிரொலி. இரண்டு போதும் என்று 1972 முதல் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்த சிங்கப்பூர் வாசகருக்கு அந்தக் கற்பனை அவ்வளவு தொலைவில் இருந்திருக்காது. 1986இல் ‘விக்ரம்’ வந்தது. அக்னிபுத்திரன் ஏவுகணை, கணினி, கமல். பிறகு 2010 அக்டோபர் 1 அன்று ‘எந்திரன்’. சுஜாதா 2008 பிப்ரவரியிலேயே மறைந்துவிட்டார். வசனத்தில் அவர் பெயர் இருக்கிறது.

இந்தியப் படங்களை இந்தத் துறையினர் அப்படியொன்றும் கண்டுகொள்ளாமல் இல்லை. டொமினிக் அலெசியோவும் ஜெசிகா லாங்கரும் 2007இல் இந்திப் படம் ‘கோயி மில் கயா’வைப் பற்றி எழுதியபோது, நீல நிற வேற்றுக் கிரகவாசிக்குள் கிருஷ்ணரையும், அதற்குள் தேசியத்தையும் கண்டார்கள். அந்த வழியில் போனால் ‘எந்திரனில்’ பத்துத் தலையும் ராவணனும் அகப்படும். எம்.ஜி.ஆர் பக்கம் போனால் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் 1992ஆம் ஆண்டு நூல் இருக்கிறது. ஏழைப் பங்காளன் பிம்பம் எப்படி வாக்காக மாறியது என்பதை அதைவிடக் கூர்மையாகச் சொன்னவர் குறைவு. ஆனால் மின்னல் பிடித்த விஞ்ஞானி முருகனுக்கு அந்தச் சட்டகத்தில் உட்கார நாற்காலி இல்லை.

‘எந்திரனை’ உட்லண்ட்ஸிலிருந்து படித்தால் ராவணனுக்கு முன்னால் வேறொன்று கண்ணில் படுகிறது. சிட்டி என்கிற ரோபோ சமைக்கிறது, வீட்டைச் சுத்தம் செய்கிறது, அடியாள்களை விரட்டுகிறது, பிரசவம் பார்க்கிறது. தூக்கம் இல்லை, சம்பளம் இல்லை, சொன்னதைச் செய்கிறது. அதுவரை யாருக்கும் அதனோடு பிரச்சினை இல்லை. நாயகி சனா மேல் காதல் வந்த அன்றுதான் அது ஆபத்தாகிறது. வெட்டிக் குப்பையில் எறிகிறார்கள். இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ திருமணம் செய்ய வேண்டுமென்றால் மனிதவள அமைச்சின் ஒப்புதல் வேண்டும். உழைப்பு வரலாம், ஆசை கேட்டுவிட்டு வர வேண்டும். கடைசியில் நீதிமன்றம் உத்தரவிட, சிட்டி தன் கை கால்களைத் தானே கழற்றி வைக்கிறது. ஷங்கர் இதையெல்லாம் நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் தமிழ்நாட்டு ஊழியர் அந்தக் காட்சியில் எதை நினைப்பார் என்பதுதான் என் கேள்வி. கூனின் சொல்லில், படம் அவருக்கு என்ன செய்கிறது?

மேற்குலகும் ஒருநாள் இந்தத் தீவைக் கவனித்தது. 1993இல் சைபர்பங்க் எழுத்தாளர் வில்லியம் கிப்சன் ‘வயர்ட்’ இதழுக்காக இங்கே வந்து, மரண தண்டனை உள்ள டிஸ்னிலேண்ட் என்று தலைப்பிட்டு எழுதினார். இதழுக்குத் தடை விழுந்தது. அழுக்கும் குழப்பமும் கலந்த எதிர்காலத்தைக் கற்பனை செய்தவருக்கு, துடைத்துவைத்த எதிர்காலம் பிடிக்கவில்லை. டேவிட் மார்லியும் கெவின் ராபின்சும் 1995இல் பேசிய தொழில்நுட்பக் கீழைத்தேயவாதம் என்கிற கருத்து, இந்த மனநிலையைப் பிடித்துவிடுகிறது. ஆசியா இனிப் பின்தங்கிய இடம் இல்லை. எதிர்காலத்தைத் திருடிக்கொண்ட இடம். ஆனால் அங்கிருப்பவர்களுக்கு உணர்ச்சி கிடையாது, இயந்திரம் மாதிரி. 2015இல் வந்த ‘ஈக்வல்ஸ்’ உணர்ச்சிகளை ஒழித்துவிட்ட எதிர்காலச் சமூகத்தின் கதை. படமெடுத்த இடங்கள் ஜப்பானும் சிங்கப்பூரும். காதலர்களாக க்ரிஸ்டன் ஸ்டூவர்ட்டும் நிக்கோலஸ் ஹோல்ட்டும். கட்டடம் ஆசியாவினுடையது, உணர்ச்சி வரப்பெறுகிறவர்கள் வெள்ளையர்கள். கோட்பாட்டை விளக்க இதைவிட வசதியான படம் கிடைக்காது.

1982இல் ரிட்லி ஸ்காட் ‘பிளேட் ரன்னர்’ எடுத்தபோது 2019ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸை ஜப்பானிய விளம்பரங்களாலும் நூடுல்ஸ் கடைகளாலும் நிரப்பினார். பயமுறுத்துவதற்காக. கதை சொன்ன அதே 2019இல் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரின் மூன்றாம் பருவத்துக்காக ஒரு படப்பிடிப்புக் குழு இங்கே வந்தது. எதிர்கால லாஸ் ஏஞ்சலிஸாக நடித்தது சிங்கப்பூர். டார்கோவ்ஸ்கி தோக்கியோவில் செய்ததும் முத்துராமன் இங்கே செய்ததும் இதுவே. அமெரிக்கர்கள் நாற்பது ஆண்டு தாமதமாக வந்தார்கள்.

அந்தப் பருவம் ஒளிபரப்பாகத் தொடங்கியது 2020 மார்ச் 15. மூன்று நாள் கழித்து, மார்ச் 18 அன்று, மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தி எல்லையை மூடியது. 1920களில் திறந்த உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. ஏப்ரல் 5 முதல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகள் ஒவ்வொன்றாகத் தனிமைப்படுத்தப்பட்டன. தொடர் முடிந்தது மே 3 அன்று. அந்த வாரங்களில் உலகம் திரையில் பளபளக்கும் சிங்கப்பூரைப் பார்த்துக்கொண்டிருக்க, அதன் கான்கிரீட்டைக் கொட்டியவர்கள் அறைகளுக்குள் இரண்டடுக்குக் கட்டில்களில் இருந்தார்கள். சான்டாக் தேடிய பேரழிவு வந்தபோது ஒரு கட்டடமும் இடியவில்லை.

எல்லைப்புற ஊரிலிருந்து படிப்பதற்கு எனக்கு மிகவும் நெருக்கமான படம் அலெக்ஸ் ரிவேராவின் ‘ஸ்லீப் டீலர்’. 2008. மெக்சிகோவின் டிஹுவானாவில் எல்லைச் சுவர் மூடியிருக்கிறது. இந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் உடம்பில் கம்பி செருகிக்கொண்டு நின்று கை அசைத்தால், அந்தப் பக்கம் அமெரிக்காவில் இயந்திரங்கள் வெல்டிங் அடிக்கின்றன. வேலை மட்டும் எல்லை தாண்டும், வேலைக்காரர் தாண்ட வேண்டாம். உட்லண்ட்ஸில் இன்னும் ஆள்களே தாண்டுகிறார்கள். விடியுமுன் ஜோகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வரிசைகட்டி வருகின்றன. 2024 மார்ச் 19 முதல் இந்தச் சோதனைச்சாவடியில் காரில் வருகிறவர்கள் கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போகலாம். உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே அமையும் ஆர்டிஎஸ் ரயில் ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேரை ஏற்றிச்செல்லும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. எதிர்காலத்தைப் படம் பிடிக்க இந்தத் தீவுக்கு வந்த கேமராக்கள் எல்லாம் தெற்குக் கரையிலேயே நின்றுவிட்டன. வடக்கே வந்திருந்தால், எதிர்காலத்துக்குள் தினமும் போய் மாலையில் வீடு திரும்புகிறவர்களையும் எடுத்திருக்கலாம்.

அடுத்த பகுதியில் ஒரு கட்டடம். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துப் பாலைவன வண்டியின் பெயரையே தாங்கி ஒன்-நார்த்தில் நிற்கும் சேண்ட்கிராலர். 2005இல் இங்கே கடை விரித்த லூகாஸ்ஃபிலிம், 2023இல் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் பிரிவை மூடுவதாக அறிவித்ததுவரை, அங்கே உட்கார்ந்து மற்ற நாட்டுப் படங்களின் எதிர்காலத்தைச் சட்டகம் சட்டகமாக வரைந்தவர்களைப் பற்றி.

(தொடரும்)